மல்லாரி கேட்ட வீதி

சின்ன வயதில் நான் சிதம்பரம் போனதெல்லாம் நாயனம் கேட்கத்தான். ஆனித் திருமஞ்சனமோ மார்கழித் திருவாதிரையோ வந்தால் அப்பாவை இழுத்துக்கொண்டு கீழ வீதிக்குப் போய்விடுவேன். ராத்திரி சாமி புறப்பாட்டில் மேளக்காரர்களின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பேன். யார் மேலாவது இடித்துத் திட்டு வாங்காத திருவிழா கிடையாது.

முதலில் தவில் மட்டும் பேசும். அப்புறம் கம்பீர நாட்டை ராகத்தில், சாமி புறப்பாட்டுக்கென்று நாயனத்தில் வாசிக்கிற மல்லாரி. அதற்குச் சாகித்தியம் இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லாமலே சாமி எழுந்தருளுகிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நிதானமாகத் தொடங்கி இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் ஏற ஏற, சாமி தூக்குகிறவர்களின் நடையும் மாறும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

ஒருமுறை வாசிப்பு நின்ற நேரத்தில் தவில்காரர் ஒருவர் தன் விரல் கூட்டைக் கழற்றி என் விரலில் மாட்டினார். துணியைப் பசை போட்டுச் சுற்றிக் காயவைத்த கூடு, கல் மாதிரி இருந்தது. உள்ளே அவருடைய வியர்வை ஈரம். "தட்டிப் பாரு தம்பி" என்றார். தவிலைத் தொடவே பயமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நான் முதன்முதலாக மனசாரக் கும்பிட்டது அப்போதுதான்.

பல வருஷம் கழித்து மகளோடு திருவாதிரைக்குப் போனேன். ஒன்பதாம் நாள் தேர். இங்கே மூலவர் நடராசரே உற்சவராக வெளியே வருவார். விநாயகர், முருகர், சிவகாமியம்மை, சண்டிகேசுவரரோடு சேர்த்து ஐந்து தேர். அன்று ராத்திரி ஆயிரங்கால் மண்டபம், விடியற்காலையில் மகா அபிஷேகம், அப்புறம் தரிசனம்.

நாயனத்துக்குப் பக்கத்தில் நின்று சுருதிக்காக ஒத்து ஊதும் ஆளைக் காணோம். அந்த இடத்தில் சுருதிப் பெட்டி. கல்யாண வீடுகளிலும் இப்போது செண்டை மேளம் வந்து நாயனத்தை ஓரம்கட்டிவிடுகிறது. எனக்கு அது பெரிய வருத்தம். ஆனால் நாயனக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டில் நனைத்து முதல் சுரம் பிடித்ததும் மகள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

தரிசனத்தில் நடராசரும் அம்மையும் முன்னும் பின்னுமாக ஆடியபடி கருவறையான சித்சபைக்குத் திரும்புவார்கள். கூட்டத்தில் எனக்குத் தலைகள்தான் தெரிந்தன. நாயனத்தின் காலம் ஏறுவதை வைத்தே, இதோ முன்னால் வருகிறார் என்று கை குவித்தேன்.

தோளில் இருந்த மகள் குனிந்து காதில் சொன்னாள்: "ஆமாப்பா, வர்றாரு."