கரும்பலகையின் இடது மூலை

எங்கள் ஒன்பதாம் வகுப்புக் கணித ஆசிரியர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாடத்தைத் தொடங்குவதற்கு முன்னர் கரும்பலகையின் இடது மூலையில் ஒரு பெட்டி வரைந்து, அதற்குள் ஒரு கணக்கை எழுதி வைப்பார். அது பாடத்திட்டத்தைச் சேர்ந்ததன்று; பரீட்சைக்கு வராது; அதற்குப் புள்ளியும் கிடையாது. விடை கண்டவர் பாடசாலை விட்ட பின்னர் வந்து சொல்லலாம் என்று முதல் நாளில் கூறியதைத் தவிர, வகுப்பில் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் வெளியிடும் மலருக்கு எழுதும்படி சங்கத்தார் கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளையும் விடுதி வாழ்க்கையையும் பற்றி என்னிலும் நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பதால், நான் அந்த மூலையைப் பற்றி எழுதுவதென்று தீர்மானித்தேன்.

ஒரு வாரம் அங்கே சதுரங்கப் பலகைக் கணக்கு ஒன்று வந்தது. 64 கட்டங்கள் கொண்ட பலகையில் எதிரெதிர் மூலைகளிலுள்ள இரண்டு கட்டங்களை வெட்டி எடுத்துவிட்டால் 62 கட்டங்கள் மிஞ்சும். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை மூடும் ஓடுகள் 31 தரப்பட்டால், மிஞ்சிய பலகையை முழுவதும் மூட முடியுமா என்பதே கேள்வி. எண்ணிக்கை சரியாக இருக்கிறதே, மூடினால் போயிற்று என்று நினைத்து மட்டையில் ஓடுகளை வெட்டி அடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் இரண்டு கட்டங்கள் ஒட்டாமல் பிரிந்து நின்றன. அடுத்த திங்கட்கிழமை பெட்டிக்குள் வேறு கணக்கு வந்துவிட்டது. ஆயினும் நான் பழையதை விடவில்லை. அந்த நாள்களில் யாரும் என்னைப் படி என்று சொல்லவில்லை, நான் படிக்கிறேன் என்பதே யாருக்கும் தெரியாது என்பதை இன்று எண்ணிப் பார்க்கும்போது, என் கல்வி வாழ்க்கையில் மிகவும் உழைத்த நாள்கள் அவைதாம் என்று தோன்றுகிறது.

மூன்றாவது வாரத்தில், ஒட்டாமல் எஞ்சும் இரண்டு கட்டங்களும் எப்போதும் ஒரே நிறத்தில் இருப்பதைக் கவனித்தேன். எதிரெதிர் மூலைகள் ஒரே நிறத்தவை. இரண்டு வெள்ளைக் கட்டங்களை வெட்டினால் 32 கறுப்பும் 30 வெள்ளையும் மிஞ்சும். ஓர் ஓடு எப்படி வைத்தாலும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையுமே மூடும். ஆகவே 31 ஓடுகளால் அந்தப் பலகையை ஒருபோதும் மூட முடியாது. ‘முடியாது’ என்பதும் ஒரு விடையாகலாம், அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

மாலையில் போய்ச் சொன்னேன். அவர் முழுவதையும் இடைமறிக்காமல் கேட்டார். கெட்டிக்காரன் என்று சொல்லவில்லை. “நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று எப்போது தோன்றியது?” என்று விசாரித்தார். நான் விளக்கியதும், “சரி, மூலைகளை விடும். எங்கேயாவது ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் வெட்டினால் எப்போதும் மூட முடியுமா? யோசித்துப் பாரும்” என்றார். வேறொன்றும் இல்லை. என் மூன்று வார உழைப்புக்குக் கிடைத்த பரிசு இன்னொரு கேள்வி. அதைவிடப் பெரிய மரியாதையை எந்த ஆசிரியரும் எனக்குச் செய்ததில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் அதே ஆண்டில் எனக்கு வாய்த்தது. நூலகத்தில் ஒரு தவணையில் அதிக நூல்களை வாசிப்பவருக்குச் சான்றிதழும் பரிசும் என்று அறிவித்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடு அது. யாரையும் குறை சொல்வதற்காக இதை நினைவுகூரவில்லை. நான் சிறு வயது முதலே வாசிப்பில் தோய்ந்தவன். போட்டி தொடங்கிய பின்னர் மெல்லிய நூல்களையே தேடி எடுத்தேன். பிடித்த பக்கத்தைத் திரும்ப வாசிக்கும் வழக்கத்தை விட்டேன். முடித்தவற்றின் எண்ணிக்கையை மனத்துக்குள் கூட்டிக்கொண்டே இருந்தேன். பரிசு கிடைத்தது. அடுத்த தவணையில் போட்டி இல்லை. நானும் நூலகத்துக்குப் போகவில்லை. இழந்ததை மீட்க எனக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடித்தன.

அன்று எனக்கு நேர்ந்தது என்ன என்பதை ஆசிரியப் பயிற்சியின்போது உளவியல் பாடத்திலேதான் புரிந்துகொண்டேன். 1973 ஆம் ஆண்டில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பம் காட்டிய 3 முதல் 5 வயது வரையான பிள்ளைகளைப் பற்றியது. வரைந்தால் தங்க நட்சத்திரம் பொறித்த சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவினருக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவினருக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பின்னர் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவினருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் விருப்பமோ குறையவில்லை. ஊறு செய்தது பரிசன்று. ‘இதற்காகவே செய்கிறேன்’ என்ற எண்ணம் முன்னரே மனத்தில் குடிபுகுந்ததுதான். அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு நூலகத்தின் மெல்லிய நூல்கள் நினைவுக்கு வந்தன.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1971 இல், எட்வர்ட் டெசி பல்கலைக்கழக மாணவர்களிடம் கனசதுரத் துண்டுப் புதிர்களைக் கொடுத்து இதையொத்த விளைவைக் கண்டிருந்தார். புதிருக்குப் பணம் பெற்றவர்கள், பணம் நின்ற பிறகு ஓய்வு வேளையில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. இதை வைத்துப் பரிசே கூடாது என்று முடிவு கட்டுவது தவறு. பின்னர் 1999 இல் டெசியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு விருப்பத்தைக் குறைப்பதையும், செய்த வேலையைப் பற்றி வாய்மொழியாகச் சொல்லும் நல்ல கருத்து அதை வளர்ப்பதையும் கண்டார்கள். முதலிலிருந்தே விருப்பம் இல்லாத வேலையில் பரிசினால் கெடுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் ஏற்கெனவே எரிகிற விளக்கில் நாம் எதை ஊற்றுகிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த தன்தீர்மானக் கோட்பாடு, உள்ளார்ந்த ஊக்கம் தழைப்பதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது: தானே தேர்ந்து செய்கிறோம் என்ற உணர்வு, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, நம்மைப் பொருட்படுத்தும் ஒருவரோடு கொண்ட உறவு. எங்கள் ஆசிரியர் இந்தக் கோட்பாட்டைக் கேள்விப்பட்டிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இடது மூலைக் கணக்கை எடுப்பதும் விடுவதும் எங்கள் விருப்பம். அது எங்கள் எட்டத்துக்குச் சற்றே மேலே இருந்தது. மாலையில் எவராவது வருவார் என்று அவர் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பின் அருமையை நானும் ஆசிரியனான பிறகே அறிந்தேன். அவருக்கும் வீடு இருந்தது, போக வேண்டிய அவசரமும் இருந்திருக்கும்.

கற்பதெல்லாம் இன்பமாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. குடியேறிய நாட்டின் மொழியை முதலில் அச்சத்தினால்தான் கற்றேன். தேர்வில் தேறாவிட்டால் வேலை இல்லை என்ற நிலை. தேறிய மறுநாள் இலக்கணப் புத்தகத்தை மூடியவன் இரண்டு ஆண்டுகள் அதைத் திறக்கவில்லை. கடைக்கும் அலுவலகத்துக்கும் போதுமான மொழியோடு வாழ்ந்தேன். பின்னர் அடுத்த வீட்டில் ஒரு முதியவர் குடிவந்தார். பழைய கடிகாரங்களைத் திருத்துபவர். அவர் ஒரு பற்சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ விளக்குவார், பாதிதான் விளங்கும். மீதிப் பாதி எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகவே மீண்டும் புத்தகத்தைத் திறந்தேன். வினை வடிவங்களை மனனம் செய்வது அப்போதும் சலிப்பாகவே இருந்தது. ஆனால் அந்தச் சலிப்பை நான் வேண்டும் என்றே ஏற்றுக்கொண்டேன். புறத்திலிருந்து வந்த காரணத்தை மனிதர் படிப்படியாகத் தம்முடையதாக்கிக்கொள்வது உண்டு என்று அதே ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். வளர்ந்தவர்களின் கல்வி பெரும்பாலும் இந்த வழியாகவே நடக்கிறது என்பது என் கருத்து.

ஆசிரியர் கொடுத்த இரண்டாவது கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தபோது வயது நாற்பதைக் கடந்திருந்தது. ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். 64 கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் மூடிய பாதை ஒன்றை வரைந்தால், அதில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும். அதிலிருந்து ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் எடுத்துவிட்டால், எஞ்சும் துண்டுகள் ஒவ்வொன்றிலும் இரட்டைப்படைக் கட்டங்களே இருக்கும். ஓடுகளைப் பாதை நெடுக வைத்துக்கொண்டே போகலாம். எப்போதும் மூடலாம்! கணித அறிஞர்கள் முன்னரே அறிந்த நிறுவல் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதனால் மகிழ்ச்சி சிறிதும் குறையவில்லை. ஆசிரியர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார் என்பதுதான் குறை.

நம் சங்கம் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவுக்கென நிதி அனுப்புகிறது. அது தொடரட்டும், பரிசு வாங்கும் பிள்ளையின் பெருமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதனுடன் ஒரு விண்ணப்பம்: அந்த நிதியில் ஒரு பங்கை, பாடசாலை விட்ட பின்னர் ஒரு வகுப்பறையையும் ஆய்வுகூடத்தையும் இரண்டு மணி நேரம் திறந்து வைப்பதற்கும், அங்கே காத்திருக்கச் சம்மதிக்கும் ஓர் ஆசிரியருக்குப் படி கொடுப்பதற்கும் ஒதுக்க வேண்டுகிறேன். அங்கே வரவுப் பதிவேடு வேண்டாம், போட்டி வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். கரும்பலகையின் மூலையில் எழுதுவதற்கு முதல் ஆண்டுக்குரிய நாற்பது கணக்குகளை நான் தொகுத்து வைத்திருக்கிறேன். செயலாளர் கேட்டால் உடனே அனுப்புவேன்.