ரிட்டயர்டு போலீஸும் ஒரு போட்டோ கார்டும்

அமெரிக்காவுல ரிட்டயர் ஆன போலீஸ்காரங்களுக்கு டிபார்ட்மென்ட் குடுக்குற போட்டோ ஐடி சும்மா கௌரவத்துக்குன்னுதான் நினைச்சிட்டிருந்தேன், எங்க எதிர்வீட்டு பெரியவர் பர்ஸ திறந்தா கிரெடிட் கார்டுக்கு முன்னாடி அதுதான் தெரியும். விஷயம் வேற. 2004ல புஷ் கையெழுத்து போட்ட ஒரு ஃபெடரல் சட்டப்படி இவங்க எந்த மாநிலத்துக்கு போனாலும் தனியா பெர்மிட் வாங்காம துப்பாக்கிய மறைச்சு எடுத்துட்டு போகலாம், ஆனா அந்த ஐடி கையில இருக்கணும், வருஷா வருஷம் சுட்டுக் காட்டி பாஸ் ஆகணும், செலவு சொந்தக் காசு. இதுக்கு குறைஞ்சது 15 வருஷம் சர்வீஸ் வேணும்னு இருந்தத 2010ல 10 ஆக்கிட்டாங்க.

கூத்து என்னன்னா, கார்டு குடுத்தே தீரணும்னு அந்த சட்டம் டிபார்ட்மென்ட்ட பார்த்து நேரா சொல்லவே இல்ல! சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்ல. வாஷிங்டன் டிசில ரிட்டயர்டு ஜெயில் ஆபீசருங்களுக்கு உங்களுக்கு கைது பண்ற அதிகாரமே கிடையாதே, இந்த சட்டம் உங்களுக்கு பொருந்தாதுன்னு சர்டிஃபை பண்ண மாட்டேன்னுட்டாங்க, அவங்க கோர்ட்டுக்கு போய் 2016ல அப்பீல்ல ஜெயிச்சாங்க. நியூஜெர்சில வேற கதை, கார்டு இருந்தாலும் எங்க பெர்மிட்டும் வாங்குன்னு மாநிலம் அடம் பிடிச்சது, 2024ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் அதெல்லாம் செல்லாதுன்னுடுச்சு.

துப்பாக்கி விஷயத்துல எனக்கு ஆயிரம் கேள்வி இருக்கு, அது தனி சண்டை. ஆனா உரிமைய சட்டத்துல எழுதி வச்சிட்டு அதுக்கான கார்ட ஆபீஸ் மனசு வச்சா தரலாம்னு விட்டது சுத்த அரைவேக்காட்டுத்தனம்.