பேண்டு மாஸ்டர்

ஆகஸ்ட் பொறந்தா வேலூர்ல எந்த ஸ்கூல் மைதானத்தைத் தாண்டினாலும் ட்ரம் சத்தம்தான். எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன்.

எங்க தெரு பக்கத்து ஸ்கூல் பேண்டு மாஸ்டர், கல்யாண பேண்டு செட்டுல ட்ரம்பெட் ஊதினவர். முதல்ல பசங்க கையில எதையும் தர மாட்டார், நடக்கத்தான் விடுவார். நிமிஷத்துக்கு 120 அடி. பாஸ் ட்ரம்ங்கிற பெரிய ட்ரம்ல அடி விழும்போது இடது கால் தரையில இருக்கணும். "காதால நடங்கடா"ம்பார். அப்புறம்தான் ப்யூகிள்ங்கிற ஊதுகொம்பு. அதுல அமுக்க பட்டனே கிடையாது. உதட்டை இறுக்கித் தளர்த்தித்தான் ஒவ்வொரு சுரத்தையும் எடுக்கணும். அக்கா பையன் ரொம்ப நாள் வெறும் காத்துதான் ஊதினான் (வீட்ல எங்க காது பட்ட பாடு தனிக் கதை).

எனக்குப் பிடிச்சது சிம்பல்ஸ் (ரெண்டு பித்தளைத் தட்டு) அடிக்கிற பையனைத்தான். பாதி நேரம் சும்மா நிக்கணும், ஆனா உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கணும். மத்தவங்க வாசிக்கிறதைக் கேட்டாத்தான் தன்னோட இடம் தெரியும். வேற எந்தப் பீரியட்ல இதைச் சொல்லித் தர்றோம்?

2012ல அரசுப் பள்ளிகளுக்கு இசை, ஓவியம், தையல், உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க. ஆரம்பச் சம்பளம் மாசம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கா போராட வேண்டியிருந்துச்சு. இசைக்கு நாம குடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

பத்தாவதுன்னா உடனே பிள்ளையை பேண்டுல இருந்து நிறுத்துற அப்பா அம்மாக்களே, ஜனவரி 26 வரைக்குமாவது விடுங்க. மாஸ்டருக்கு பாஸ் ட்ரம் தூக்க ஆள் இல்லையாம்.