‘கெலிங்’ என்ற சொல்லை ஆய்வுக்கு எடுத்தபோது

மலாய் இலக்கியப் பாடத்தில், ஓர் இனப்பெயரின் பொருள் காலப்போக்கில் எப்படி மாறியது என்று எழுதச் சொன்னார்கள். நான் எடுத்தது ‘கெலிங்’: மலேசியாவில் இந்தியர்களை, முக்கியமாகத் தமிழர்களை, இன்று இழிவாகக் குறிக்கும் மலாய்ச் சொல். பள்ளித் திடலில் என்னை அழ வைத்த சொல். மலாய் நூல்கள் ஆதியிலிருந்தே நம்மை இழிவுபடுத்தின என்று கோபத்தோடு முதல் வரைவை எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருந்தார்: “எந்த நூற்றாண்டில்?”

பதில் தேடிப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. 1612 என்று முன்னுரையில் ஆண்டு குறித்த, மலாக்கா அரசர்களின் கதை சொல்லும் ‘செஜாரா மெலாயு’வில், கெலிங் தேசத்து நாகப்பட்டினத்தை ராஜா ஷூலான் ஆள்கிறான். அந்தத் தேசத்திலிருந்து வந்த மணி புரிந்தான் மலாக்காவில் பெரிய இடத்துப் பெண்ணை மணக்கிறான். மலாக்காவின் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர், துன் முத்தாஹிர் அவன் வழிவந்தவர். மலாய் வீரன் ஹங் துவாவின் கதையிலோ, நாயகனே கெலிங் தேசத்துக்குத் தூது போகிறான். மலாக்காவில் பிறந்த எழுத்தாளர் முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறான, 1849இல் அச்சான ‘ஹிக்காயாத் அப்துல்லா’வைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கெலிங் மொழியை, அதாவது நம் தமிழை, கணக்குவழக்குக்காகக் கற்பது பரம்பரை வழக்கம் என்கிறார் அப்துல்லா. ஊர் முழுக்க கெலிங் வணிகர்களாம்!

நீங்களும் இப்படியொரு சொல்லை எடுத்தால், இன்றைய அகராதியில் தொடங்காதீர்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மலாய் கான்கார்டன்ஸ் தளத்தில் சொல்லைத் தட்டினால், பழைய நூல்களில் அது வரும் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். நோட்டில் ஆண்டு, நூல், பக்கத்தில் நிற்கும் சொல் என்று மூன்று பத்தி போடுங்கள். என் நோட்டில் பழைய வரிசைகளில் பெனுவா, ராஜா, சௌடாகார் என்றே வந்தன: தேசம், அரசன், வணிகன். சொல்லின் மூலம் கலிங்க நாடு என்பார்கள். சங்கத் தமிழில் கலிங்கம் என்றால் ஆடை. துணி விற்றவர்களின் பெயர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம் தோட்டக் கூலிகளாக நம்மவர்கள் வந்த காலம். வணிகனைச் சுட்டிய சொல் கூலிக்காரனைச் சுட்டியபோது அதன் தொனியும் இறங்கியது என்பது என் வாசிப்பு. பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் (கெலிங் சமூகத்தின் தலைவர்) பள்ளிவாசலின் பெயரில் பழைய மதிப்பு அப்படியே நிற்கிறது.

சரி, அன்று கௌரவமான சொல் என்பதால் இன்று வலிக்கக் கூடாதா? வாய்மொழித் தேர்வில் இதைத்தான் கேட்டார்கள். நோட்டைத் திறந்து காட்டினேன். கடைசி வரிசையில் என் பள்ளித் திடலையும் ஆண்டு போட்டுச் சேர்த்திருந்தேன்.