15 வயது ஆல்டோவுக்கு எஃப்.சி. காட்டிய அனுபவம்

பழைய கார் வாங்கப் போனால் விற்கிறவர் தவறாமல் ஒன்று சொல்வார்: "எஃப்.சி. இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கரண்ட், தைரியமா எடுங்க." அதாவது, வண்டி ஓட்டத் தகுதியானது என்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் சான்று (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) கையில் இருக்கிறதாம். இந்த ஒரு வரியை நம்பி, வண்டிக்கு அடியில் எட்டிக்கூடப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். என்னுடைய 2009 மாடல் மாருதி ஆல்டோவுக்கு 2024-இல் நானே நேரில் போய் எஃப்.சி. காட்டினேன். அங்கே என்ன பார்க்கிறார்கள், என்ன பார்க்க வழியே இல்லை என்பதைக் கண்ட பிறகு, அந்த முத்திரையை மட்டும் நம்பி யாரும் வண்டி எடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 15 வருஷம் ஆனால் பெட்ரோல் காரை உடைக்கத்தான் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கெடுபிடி டெல்லி வட்டாரத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவு முதலில் 15 வருஷத்துக்கு. அப்புறம் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இதைத்தான் எஃப்.சி. காட்டுவது என்கிறோம். பிரிட்டனில் கார் மூன்று வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் சோதனைக்குப் போயாக வேண்டும். நம்மூரில் புதிதாக வாங்கிய கார், 15 வருஷம் ஓடித் தேய்ந்த பிறகுதான் மறுபடி ஓர் ஆய்வாளரின் கண்ணில் படுகிறது. இது எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயம்.

என் வண்டி டி.என். 69, அதாவது தூத்துக்குடிப் பதிவு. என் கைக்கு வரும் முன்பே பல வருஷம் உப்புக்காற்றில் நின்றிருக்கிறது. 796 சிசி எஞ்சின் இன்றைக்கும் சீராக ஓடுகிறது. ஆனால் எஞ்சின் நன்றாக இருப்பதற்கும் தகடு நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவதற்கு முன், வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் விட்டேன். "அண்ணே, எஃப்.சி. பாஸ் ஆகுமான்னு பார்க்காதீங்க. பிள்ளைகளை ஏத்திக்கிட்டு வெளியூர் போகலாமான்னு பாருங்க" என்றேன்.

அவர் மிதியடியை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரைத் தகட்டை ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு கணீரென்று கேட்கும். டிரைவர் சீட்டுக்கு முன்னால் சத்தம் செத்துப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் முனை உள்ளே இறங்கிவிட்டது. இடது பக்க ரன்னிங் போர்டும், அதாவது கதவுக்குக் கீழே ஓடும் தகடும், உள்ளிருந்து அரித்திருந்தது. வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. "பட்டி வச்சு மூடிரலாம், யாரும் பார்க்க மாட்டாங்க. ஆனா பக்கவாட்டுல ஒரு இடி வாங்கினா இதுதான் தாங்கணும்" என்றார். அரித்ததை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னேன். செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது.

அடுத்து, பின் சக்கர டிரம்மைக் கழற்றினார். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில், ஒரு பக்கம் பிரேக் ஆயில் கசிந்து, ஷூவெல்லாம் நனைந்திருந்தது. ஓட்டும்போது எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் பிரேக்கின் பெரும்பாரத்தை முன் டிஸ்க்தான் தாங்குகிறது. முன்பக்கம் பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ்களிலும் வெடிப்பு விழுந்திருந்தது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டில் ஒரு பக்கம் ஆட்டம் இருந்தது. டயரில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் ரப்பர் மேடு, இன்னும் நன்றாகவே இருந்தது. சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல்தான். ஆனால் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார்: 2415. அப்படியென்றால் 2015-ஆம் வருஷம் 24-ஆவது வாரம் செய்த டயர். ரப்பர் இறுகி, பக்கங்களில் மயிரிழை வெடிப்புகள். அதையும் மாற்றினேன்.

பேப்பர் வேலை சுலபம். பதிவுக்காலம் முடிய 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பரிவாகன் என்ற அரசு போக்குவரத்து இணையதளத்தில் வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் போட்டால் மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், ஆகவே ஆர்.சி.யில் இருக்கும் மொபைல் எண் உங்களுடையதுதானா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். படிவம் 25, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி. காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். அதற்கு முன் 600 தான்.

புகைச் சோதனைக்கு மட்டும் ஒரு யோசனை. இந்த வயதுப் பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது, புகையில் கார்பன் மோனாக்ஸைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலையே செய்யாது. ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றிவிட்டு, நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, சூடு ஆறுவதற்குள் சோதனைக் குழாயை வைக்கச் சொல்லுங்கள்.

ஆய்வு காலையில், மைதானத்தில். பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் ஊரில் சொல்வோம். மோட்டார் வாகன ஆய்வாளர். வந்தவர் கண்ணியமாகவே நடந்துகொண்டார். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளை வண்டியோடு ஒப்பிட்டார். துரு ஏறி அந்த எண் படிக்க முடியாமல் போனால் பெரும்பாடு, அதனால் முன்னாலேயே எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்திருந்தேன். ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், வைப்பர், சீட் பெல்ட், டயர், கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இல்லை என்பது எல்லாம் பார்த்தார். கொஞ்சம் ஓட்டி பிரேக் பிடிக்கச் சொன்னார், ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொன்னார். அவ்வளவுதான், பாஸ்.

அவரைக் குறை சொல்லவில்லை. வரிசையில் அத்தனை வண்டிகள் நிற்கும்போது, தூக்கிப் பார்க்க ராம்ப்பும் சக்கரத்துக்குச் சக்கரம் பிரேக் விசையை அளக்கும் ரோலரும் இல்லாத மைதானத்தில், ஒரு மனிதர் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் நான் செலவழித்துச் சரிசெய்த தரைத் தகடு, வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், பால் ஜாயிண்ட் எதுவும் அந்த ஆய்வில் தெரிந்திருக்காது. பட்டி பூசி, மேலே கறுப்பு கோட்டிங் அடித்துக் கொண்டுபோயிருந்தாலும் இதே ஐந்து வருஷம் கிடைத்திருக்கும். அந்த ஐந்து வருஷத்தில் ஓட்டை எவ்வளவு பெரிதாகும் என்று யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

ஆகவே பழைய சின்னக் கார் எடுக்கிறவர்கள் எஃப்.சி. தேதியைப் பேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த 5,000 ரூபாயும் அலைச்சலும் மிச்சம் என்ற அளவுக்கு. வண்டியைத் தெரிந்த மெக்கானிக்கிடம் தூக்கிக் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தூக்க விடமாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம். அடிப்பக்கம் மட்டும் புதுக் கறுப்பாக மின்னினால், எதற்காக அடித்தார்கள், எப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள். கடலோரப் பதிவு எண் என்றால் மிதியடிக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், ஈரமோ துருச் செதிலோ தட்டுப்படலாம்.

புது ஆர்.சி. தபாலில் வீட்டுக்கு வந்தது. 2029 வரை செல்லும். அதற்குள் 20 வருஷம் தாண்டிய கார்களுக்குக் கட்டணத்தை 10,000 ரூபாயாக 2025 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள். அதைக் கட்டுவதா வேண்டாமா என்பதை அப்போது எஞ்சினைக் கேட்டு முடிவு செய்ய மாட்டேன். வெல்டிங் வைத்த இடத்தை ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மெக்கானிக் அண்ணன் தட்டிப் பார்க்கிறார், அவர் சொல்கிறபடிதான்.