வீட்டு லைனில் சொந்த சர்வர்: எங்கே முட்டியது, எப்படி வழி கிடைத்தது

குடும்பப் படங்களெல்லாம் வீட்டிலேயே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் இருக்க வேண்டும், கோவையிலிருக்கும் அக்காவும் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் இணைப்பை அந்தக் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் சரியாகவே போட்டிருந்தேன். வீட்டு வைஃபையில் திறந்தது, மொபைல் டேட்டாவில் திறக்கவில்லை.

கஸ்டமர் கேரில் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. ரவுட்டரின் செட்டிங்ஸில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே இருந்த ஐபி (இணைய முகவரி) 100.72 என்று தொடங்கியது. வெளித்தளங்கள் காட்டிய என் ஐபி வேறு. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் 2012இல் சிஜிநாட் (CGNAT) என்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. உள்ளிருந்து வெளியே போகலாம்; வெளியிலிருந்து தேடி வரும் இணைப்போ இன்டர்நெட் கம்பெனியின் கருவியோடு நின்றுவிடும், நம் ரவுட்டர் வரை வராது.

ஏரியா ஆபீஸுக்கே போனேன். டெக்னீஷியன் ஒளிக்காமல் சொன்னார்: "ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி, தனியா காசு கட்டி வாங்கலாம் சார். ஆனா ஹோம் பிளான்ல சர்வர் ஓட்டக் கூடாதுன்னு கண்டிஷன் இருக்கு." இணைப்புக்குக் கையெழுத்து வாங்கியபோது இதை யாரும் சொல்லவில்லை.

பழைய முகவரி முறையான ஐபிவி4இல் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலக மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் சிஜிநாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்பாமைத் தடுக்க, மின்னஞ்சல் அனுப்பும் வழியான போர்ட் 25ஐ மூடுவதும் நியாயமே. புதிய முகவரி முறையான ஐபிவி6 விஷயத்தில்தான் மனசு ஆறவில்லை. என் லைனில் அது இருக்கிறது; ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கிறது. அங்கே பற்றாக்குறை என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அவர்கள் தந்த ரவுட்டர் உள்ளே வரும் இணைப்பு எல்லாவற்றையும் தடுக்கிறது. வீட்டு கேமரா போன்றவற்றின் பாதுகாப்புக்கு அது முதலில் மூடியிருப்பதே நல்லது. ஆனால் திறக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு வேண்டாமா? அதற்கான செட்டிங்கையே மறைத்து வைத்திருக்கிறார்கள்.

குடும்ப உபயோகத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று கம்பெனியிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு, பொது ஐபி உள்ள சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தேன். வீட்டிலிருந்து அதற்கு, உள்ளிருந்தே தொடங்கும் வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பு. இணைப்பை உயிரோடு வைக்க அனுப்பும் கீப்அலைவ் என்ற சிறு செய்தியை 25 நொடிக்கு ஒருமுறை என்று வைத்தால், சும்மா இருக்கும்போதும் சிஜிநாட் இணைப்பை மறப்பதில்லை. அக்கா விபிஎஸ் முகவரியைத் திறந்தால் அந்த இணைப்பு வழியே வீட்டு ராஸ்பெர்ரி பைக்கு வந்து சேர்கிறார். ஐபிவி6 தடையை நீக்கக் கேட்டும் எழுதியிருக்கிறேன். அது கிடைத்தால் விபிஎஸ் வாடகை மிச்சம்.