மேலேயா, கீழேயா

ஜூன் 3, 2024

நாளையோடு பிள்ளை பிறந்து எட்டு வாரம். வலது கை அப்படியேதான் கிடக்கிறது.

ஜூன் 5

ஜபலா போடும்போது வலது கை முதலில், கழற்றும்போது வலது கை கடைசியில். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பிசியோ சொல்லித் தந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இன்று பெரியத்தை கேட்காமல் தூக்கிவிட்டாள். கத்திவிட்டேன். "பிள்ளையத் தொடக்கூட விடமாட்டேங்கா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்லட்டும்.

விரல்களை மூடித் திறக்கிறான். என் சுட்டுவிரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறான். முழங்கைதான் மடங்கவில்லை, தோள் எழும்பவில்லை. கை உள்பக்கமாக முறுகி, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி கிடக்கிறது. 'போலீஸ்காரர் மாமூல் வாங்குகிற கை' என்று படிக்கும்போது சொல்லித் தருவார்களாம். பிசியோ தம்பி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அங்கே எனக்குச் சிரிப்புதான் வந்தது. பஸ்ஸில் வரும்போது வரவில்லை.

ஜூன் 8

பிறந்தபோது 4 கிலோ 200.

சர்க்கரை இருக்கிறது என்று ஏழாம் மாதமே சொல்லிவிட்டார்கள். கடைசி ஸ்கேனில் பிள்ளை பெரிசு என்றும் இருந்தது. ஆபரேஷன் பண்ணிவிடலாமா என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். "உங்க ஆச்சியெல்லாம் வீட்லயே பெத்தாங்கம்மா" என்றார் டாக்டரம்மா. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. கைராசிக்காரர். திருப்பூரிலிருந்து இவரும் போனில் அதையேதான் சொல்கிறார்: "வேணும்னா செய்வாங்க?"

வேணும்னு செய்தார்கள் என்று நான் எங்கே சொன்னேன்?

ஜூன் 11

பாளையங்கோட்டை கோர்ட்டுக்குப் போனேன். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுத்தால் வக்கீல் வைத்துத் தருகிறார்கள், காசு கிடையாது. பெண் என்றால் வருமானச் சான்றிதழ்கூட வேண்டாமாம். 1987 சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. எதிர்வீட்டு டீச்சர் சொல்லாவிட்டால் எனக்கு எங்கே தெரியப்போகிறது?

பிள்ளையின் கையைக் காட்டலாம் என்று ஜபலாவை விலக்கினேன். வக்கீலம்மா கையைப் பார்ப்பதற்கு முன்னால் தாளைக் கேட்டார். டிஸ்சார்ஜ் தாளில் மொத்தமே ஆறு வரி. சுகப்பிரசவம். தோள் மாட்டியது என்று ஒரு வார்த்தை இல்லை. "இது போதாதும்மா, கேஸ் ஷீட் முழுசா வேணும். எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துல தரணும், 2002 மெடிக்கல் கவுன்சில் விதி. மூணு வருஷம் பத்திரமா வச்சிருக்கவும் வேணும்." நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் கெடு. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. நஷ்டஈடு எவ்வளவு கேட்டாலும், நாம் கட்டின பில்லைத்தான் பார்ப்பார்களாம். நாங்கள் கட்டியது 38,000, ஐந்து லட்சத்துக்கு ரொம்பக் கீழே.

அப்புறம் கேட்டார். "தலை வெளிய வந்து தோள் மாட்டினதும் வயித்த அமுக்கினாங்களா?"

அமுக்கினார்கள். ரெண்டு பேர்.

"எங்க? மேலேயா, கீழேயா?"

அடிவயிற்றில், எலும்புக்கு மேலே அமுக்கினால் தோள் நழுவி வரும், அது முறைப்படி செய்கிற காரியம். மேல்வயிற்றில் அமுக்கினால் தோள் இன்னும் போய் முட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்து நரம்புதான் வாங்கும். இதெல்லாம் அவர் சொன்னது. எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். "நல்லா யோசிங்க" என்றார்.

ஜூன் 12

மேலேயா, கீழேயா.

ஜூன் 14

தூக்கம் இல்லை. சுவர்க் கடிகாரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைப் பார்த்து மூச்சு விடச் சொன்னார்கள். தலை வந்துவிட்டது என்று சொன்னபோது 4.10. பிள்ளை வந்தபோது பெரிய முள் மூன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓடாமல் நின்றுபோன ட்யூப்லைட் ஸ்டார்ட்டர், சுவரில் பழைய காலண்டர் ஆணி, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. என் வயிற்றில் யார் கை எங்கே இருந்தது என்பது மட்டும் இல்லை.

ஒரு நர்ஸ் ஸ்டூல் இழுத்துப் போட்டு ஏறினாள். தரையில் அது கிறீச்சிட்ட சத்தம் காதிலேயே இருக்கிறது. அடிவயிற்றை அமுக்க ஸ்டூல் எதற்கு?

ஆனால் குள்ளமான பெண்.

ஜூன் 18

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. நேற்று பக்ரீத், தபாலாபீஸ் இல்லை. எழுதும்போது 'பணிவுடன்' என்று ஆரம்பித்துவிட்டேன். வக்கீலம்மா அடித்துவிட்டார்.

ஜூன் 20

நேற்றே பட்டுவாடா ஆகிவிட்டது. 22ஆம் தேதியை காலண்டரில் வட்டம் போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, தடுப்பூசியா என்று கேட்டாள்.

ஜூன் 21

நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தில் சுவாமி தேர் வடம் அறுந்துபோச்சாம். டிவியை அணைத்துவிட்டேன்.

ஜூன் 24

72 மணி நேரம் முடிந்து ரெண்டு நாள். தாள் வரவில்லை, போன் வந்திருக்கிறது, எனக்கு இல்லை, திருப்பூருக்கு. மேனேஜர் பேசினாராம். பில் பணம் முழுக்கத் திருப்பித் தருகிறார்களாம், ஒரு தாளில் கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம். என்ன தாள் என்று இவர் கேட்கவில்லை. ராத்திரி பதினொரு மணி வரை சண்டை. நான் ஏதோ காசை மதிக்காதவள் மாதிரி பேசுகிறார். காசு வேண்டாம் என்று சொல்ல நமக்கு எங்கே வசதி? வாரம் மூன்று நாள் ஆட்டோ, பிசியோ, நாளைக்கு ஆபரேஷன் என்றால் கோயம்புத்தூர், அங்கே தங்கல். 38,000 எந்த மூலைக்கு?

"பேசாம தர்மாஸ்பத்திரிலயே பாத்திருக்கலாம்" என்று பெரியத்தை மறுபடி. அதையும் வக்கீலம்மாவிடம் கேட்டிருக்கிறேன். டாக்டர்களும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். எல்லோருக்குமே இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரி மட்டும் அதில் வராது. ஆக, காசு கட்டினதால்தான் எனக்கு இந்த வாசல். பெரியத்தையிடம் சொல்லவில்லை.

ஜூன் 28

இன்று ஆச்சியிடம் சும்மாதான் கேட்டேன். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வெந்நீர் ஊற்றியது அவள்தானே.

"ஏட்டி, நெஞ்சுக்கூட்டுக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்குக் கன்னிப்போயில்லா கெடந்துச்சு. நல்லெண்ணெய் தடவுனேனே."

ஏன் ஆச்சி அப்போதே சொல்லவில்லை?

"பிள்ள பெத்த ஒடம்புன்னா அப்படித்தான இருக்கும்னு நெனச்சேன்."

எங்கே, காட்டு என்றேன். காட்டினாள். மேலே. விலாவுக்கு ஒட்டி. நைட்டிக்கு மேலேயே அவள் கையை வைத்து அமுக்கிப் பார்த்தேன். வலிக்கவில்லை, இப்போது எதற்கு வலிக்கும்? ஆனாலும் கொஞ்ச நேரம் அவள் கையை எடுக்கவிடவில்லை.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். பிரமாணப் பத்திரம் தருவாரா என்றார். ஆச்சிக்கு 78 வயது, கைநாட்டு. தருவாள். போட்டோ இருக்கிறதா என்றும் கேட்டார். ஏப்ரலில் எடுத்த படங்கள் 212. ஒன்றுவிடாமல் பார்த்தேன். எல்லாம் அவன்தான். ரெண்டில் என் கை மட்டும் இருக்கிறது.

ஜூலை 2

பெரிய டாக்டர். நரம்பு வெறுமனே இழுபட்டிருக்கலாம், அறுந்திருக்கலாம், வேரோடு பிடுங்கி வந்திருக்கலாம். இழுபட்டது மட்டும் என்றால் தானாகச் சரியாகும், நிறையப் பிள்ளைகளுக்கு ஆகியிருக்கிறது. மூன்று மாதத்தில் முழங்கை மடங்குகிறதா பார்ப்போம், இல்லையென்றால் கோயம்புத்தூருக்கு எழுதித் தருகிறேன் என்றார். மூன்று மாதம் என்றால் 9ஆம் தேதி.

"பிரசவத்துல இழுத்ததாலதானே டாக்டர்?" என்றேன். அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

ஜூலை 4

பால் குடிக்கும்போது முழங்கை கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 5

இல்லை. நான் மடியை அசைத்திருப்பேன்.

ஜூலை 6

இடது கையைத் துணியில் சுற்றிவிட்டு, வலது பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டினேன். கண் வருகிறது. விரல் விரிகிறது. கை வரவில்லை. அழுதான். துணியை அவிழ்த்துவிட்டேன். அவனைப் பரீட்சை எழுத வைக்கிற மாதிரி இருக்கிறது, பாவம்.

ஜூலை 8

கேஸ் ஷீட் வந்துவிட்டது. பழுப்புக் கவர், ஆஸ்பத்திரி சீல். 23 பக்கம், எண்ணிவிட்டேன். மேலே அவன் பெயர் இல்லை, 'பேபி ஆஃப்' போட்டு என் பெயர்தான். இங்க் ஜெராக்ஸில் பாதி தெரியவில்லை. பிரசவ அறைக் குறிப்பு 14ஆம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. 3.40 இருக்கிறது, 3.55 இருக்கிறது, 4.10 இருக்

பிள்ளை எழுந்துவிட்டான்.